நீலச் சட்டை, சிவப்புச் சட்டை: சிறுவர் கதை உலகச் சந்தைக்குப் போகும் வழி

லண்டனைச் சேர்ந்த பீட்ரிக்ஸ் பாட்டர், 1901 டிசம்பரில் கைக்காசைப் போட்டு ஒரு சிறு புத்தகத்தை 250 பிரதிகள் அச்சிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டு, உயிர் பிழைத்து ஓடிவரும் முயல்குட்டியின் கதை அது. பல பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்த கதை. மறு ஆண்டு அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வண்ணப் படங்களோடு கொண்டுவந்தது. 1903 முடிவதற்குள் 50,000 பிரதிகளுக்கு மேல் அச்சாகிவிட்டன. பீட்டர் ராபிட் என்ற அந்த முயலை இங்கிலாந்துக் குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் பாட்டர் இன்னொரு வேலை செய்தார். தானே துணி வெட்டித் தைத்து ஒரு முயல் பொம்மை செய்தார். விழாமல் நிற்பதற்காக அதன் காலில் ஈயக் குண்டுகளை வைத்தார். 1903 டிசம்பர் 28 அன்று அந்தப் பொம்மையை லண்டனில் தன் பெயரில் முறைப்படி பதிவு செய்தார். வால்ட் டிஸ்னிக்கு அப்போது வயது இரண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் பலகை விளையாட்டு, குழந்தைகள் அறைக்கான சுவர்த்தாள் என்று முயலின் குடும்பம் வளர்ந்தது. எந்தப் பொருளில் படம் எப்படி வர வேண்டும் என்பதை அவரே பார்த்துச் சரி சொன்னார்.

சிறுவர் கதை உலக பிராண்டாக மாறுவதற்கு விளம்பரப் பணம்தான் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிலைத்துநின்ற கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பணம் பின்னால்தான் வருகிறது. உரிமை யார் கையில் இருக்கிறது, எதற்குச் சம்மதிப்பது, எதை மறுப்பது என்ற முடிவுகள் முன்னால் நிற்கின்றன. அந்த முடிவுகளை எந்தக் கட்டத்தில், எப்படி எடுப்பது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகப் பார்க்கிறது.

1. உருவம் தனியாக நிற்க வேண்டும்

கதையைப் படிக்காத குழந்தைக்கும் கதாபாத்திரம் அடையாளம் தெரிய வேண்டும். பீட்டருக்கு நீல மேல்சட்டை இருக்கிறது. அந்தச் சட்டை கதைக்குள்ளேயே வேலை செய்கிறது: முயல் தப்பி ஓடும்போது அதன் பொத்தான் வலையில் சிக்குகிறது, சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினால்தான் பிழைக்க முடிகிறது. அடையாளமும் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் நூற்றாண்டு கடந்தும் அந்த நீலம் பொம்மைக் கடையில் அர்த்தத்தோடு நிற்கிறது.

நெதர்லாந்தின் டிக் புரூனா இதை இன்னும் சுருக்கினார். 1955இல் அவர் படைத்த மிஃபி என்ற முயல்குட்டிக்கு முகத்தில் இரண்டு புள்ளிகள், ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். முகம் எப்போதும் வாசகரை நேராகப் பார்க்கும். நிறங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. புத்தகமோ குழந்தையின் கைக்கு அடங்கும் சதுரம். குடும்பப் பதிப்பகத்துக்காக நூற்றுக்கணக்கான அட்டைகளை வடிவமைத்த அனுபவம் புரூனாவுக்கு இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவது எது என்று அவருக்குத் தெரியும். மிஃபியின் கோடு ஒரு குவளையில் இருந்தாலும் போர்வையில் இருந்தாலும் சிதையாமல் இருப்பது அதனால்தான்.

சில நேரம் வியாபாரமே உருவத்துக்கு ஒன்றைச் சேர்த்துவிடும். மைக்கேல் பாண்டின் பாடிங்டன் கரடி 1958இல் புத்தகமாக வந்தது. பழைய தொப்பியும் கழுத்தில் தொங்கும் சீட்டும் அதன் அடையாளங்கள். 1972இல் ஷெர்லி கிளார்க்சன் என்ற தொழில்முனைவோர் அதைப் பொம்மையாகச் செய்தபோது கரடி நிற்காமல் சாய்ந்தது. சிறுவர்கள் மழையில் போடும் ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்டார். பொம்மை நிமிர்ந்து நின்றது. இன்று பாடிங்டன் என்றவுடன் அந்த பூட்ஸும் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பீட்டருக்கு ஈயக் குண்டு, பாடிங்டனுக்கு பூட்ஸ். பக்கத்தில் வாழும் உருவம் மேசைமேல் நிற்க வேண்டிவந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஓவியர் முதல் வரைவிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கதாபாத்திரத்தைக் கறுப்பு நிழலாக மட்டும் வரைந்து, உருவத்தை ஒரு முறை பார்த்த ஐந்தாறு குழந்தைகளிடம் காட்ட வேண்டும். யாரென்று சட்டெனச் சொன்னால் உருவம் தயார். தயங்கினால் தலையிலோ உடையிலோ நடையிலோ இன்னும் ஒரு தனித்தன்மை தேவைப்படுகிறது என்று பொருள்.

2. உரிமை என்பது பல சாவிகள் கொண்ட கொத்து

பாட்டரின் கதையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. முதல் புத்தகத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை பதிவு செய்ய வார்ன் நிறுவனம் தவறிவிட்டது. 1904இலேயே அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன. அவற்றின் விற்பனையிலிருந்து ஆசிரியருக்கு ஒரு காசும் வரவில்லை. இங்கிலாந்தில் பொம்மையைக்கூடப் பதிவு செய்த அவரால் அட்லாண்டிக்கின் மறுகரையில் எதையும் தடுக்க முடியவில்லை. ஒரு நாட்டில் பூட்டிய கதவு இன்னொரு நாட்டில் தானாகப் பூட்டிக்கொள்ளாது.

வின்னி த பூ கரடியின் வரலாறு இந்தப் பாடத்தை இன்னும் விரிவாகச் சொல்கிறது. ஏ.ஏ. மில்ன் எழுதி, இ.எச். ஷெப்பர்ட் படம் வரைந்த புத்தகம் 1926இல் வந்தது. 1930இல் ஸ்டீஃபன் ஸ்லெசிங்கர் என்ற அமெரிக்கர், அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கரடியின் பெயரில் பொருட்கள் விற்கும் உரிமையை 1,000 டாலர் முன்பணமும் வருமானத்தில் பங்கும் தருவதாகச் சொல்லி வாங்கினார். புத்தகம் ஒருவரிடம், பொம்மையும் விளையாட்டும் இன்னொருவரிடம் என்று உரிமை பிரிந்தது. ஷெப்பர்டின் கறுப்புவெள்ளைக் கோட்டோவியமாக இருந்த கரடி, 1932இல் ஸ்லெசிங்கர் வெளியிட்ட படம் போட்ட இசைத்தட்டில் சிவப்புச் சட்டையோடு வந்தது. 1961இல் உரிமைகள் டிஸ்னிக்குப் போயின, 1966இல் முதல் படம் திரைக்கு வந்தது. அந்தச் சட்டை உலகம் முழுவதும் பரவியது.

பிறகு வந்தது வழக்கு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஸ்லெசிங்கர் குடும்பம் 1991இல் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்தது. பழைய ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் வீடியோ கேசட் என்ற பொருளே கிடையாது. அதன் வருமானம் பங்குக்குள் வருமா என்பது பெரிய சர்ச்சையானது. 2004இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியதில் எந்தக் குழந்தைக்கும் ஒரு புதிய கதை கிடைக்கவில்லை.

2022 ஜனவரியில் அந்த முதல் புத்தகம் அமெரிக்காவில் பொதுவுடைமையானது. மில்ன் எழுதிய கதையை அங்கே இப்போது யாரும் அச்சிடலாம், நாடகமாக்கலாம். டிஸ்னி படங்களில் வரும் கரடியின் வடிவத்தை எடுக்க முடியாது. எழுத்துக்கு ஓர் ஆயுள், பிற்காலப் படங்களுக்கு வேறோர் ஆயுள், டிரேட்மார்க்குக்கோ புதுப்பிக்கப் புதுப்பிக்க நீளும் ஆயுள். உரிமையை மொத்தமாக ஒரே வரியில் எழுதிக்கொடுப்பவர் இவை அனைத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பூ கதைகளில் வரும் சிறுவனுக்கு மில்ன் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரையே வைத்தார். பள்ளியில் கேலிக்கு ஆளான அந்த மகன் வளர்ந்த பிறகும் அந்தப் புகழின் பாரத்தைச் சுமந்தார். 1974இல் வெளிவந்த தன் நினைவுநூலில் அதை வெளிப்படையாக எழுதினார். பிராண்ட் ஒரு முறை கிளம்பினால் பெற்றவராலும் அதைத் திரும்ப அழைக்க முடியாது. தன் வீட்டுக் குழந்தையின் பெயரையும் முகத்தையும் எழுத்தாளர் அதனுடன் கட்டிவிடக் கூடாது.

3. பெயர், தலைப்பு, அட்டை

ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தை ப்ளூம்ஸ்பரி நிறுவனம் 1997 ஜூன் 26 அன்று வெளியிட்டது. கெட்டி அட்டைப் பதிப்பு வெறும் 500 பிரதிகள். அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. ஆனால் அந்தச் சிறிய பதிப்புக்குள்ளேயே மார்க்கெட்டிங் முடிவுகள் சில இருந்தன. பெண் எழுதிய புத்தகம் என்றால் பையன்கள் எடுக்கத் தயங்குவார்கள் என்று பதிப்பகம் கருதியது. ஜோன் ரௌலிங் என்ற பெயர் ஜே.கே. ரௌலிங் ஆனது; நடு எழுத்துக்குப் பாட்டியின் பெயரான கேத்லீனை அவர் எடுத்துக்கொண்டார்.

அமெரிக்க உரிமையை ஸ்காலஸ்டிக் நிறுவனம் 1,05,000 டாலருக்கு வாங்கியது. அறிமுக எழுத்தாளரின் சிறுவர் நூலுக்கு அது அசாதாரணத் தொகை. அந்தச் செய்தியே முதல் விளம்பரமானது. 1998இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் தலைப்பிலிருந்த தத்துவஞானி என்ற சொல்லை எடுத்துவிட்டு மந்திரவாதி என்ற சொல்லை வைத்தார்கள். ஓவியர் மேரி கிராண்ட்பிரே வரைந்த எழுத்துருவில், பாட்டர் என்ற சொல்லின் முதலெழுத்துக்கு மின்னல் வடிவில் கால் முளைத்தது. ஹாரியின் நெற்றியிலிருக்கும் தழும்பு அது. பிறகு திரைப்படப் பெயர்ப்பலகையிலும் பொம்மைப் பெட்டியிலும் அந்த மின்னலே உட்கார்ந்தது.

இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. ரயிலில் பெரியவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிப்பது தெரியவந்ததும், 1998இல் அதே கதையைப் பெரியவர்களுக்கான அட்டையோடு ப்ளூம்ஸ்பரி வெளியிட்டது. உள்ளே ஒரு சொல்லும் மாறவில்லை. சிறுவர் புத்தகத்தைப் பொது இடத்தில் பிரிக்கக் கூச்சப்பட்டவர்களுக்கு அந்த அட்டை வழி திறந்தது.

4. வெளியீட்டு நாள் திருவிழாவாக வேண்டும்

மூன்றாம் புத்தகம் 1999 ஜூலை 8 அன்று இங்கிலாந்தில் வந்தபோது, கடைகள் அதை விற்கத் தொடங்கிய நேரம் மதியம் 3.45. காலையிலேயே விற்றால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். ஊடகங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? வரிசையில் நின்ற குழந்தைகளின் படம் நாளிதழ்களில் வந்தது.

நான்காம் புத்தகத்துக்குத் திட்டம் பெரிதானது. தலைப்பைக் கடைசிவரை வெளியே விடவில்லை. மதிப்புரைக்கு முன்கூட்டியே பிரதி தரவில்லை. 2000 ஜூலை 8 அன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரே நாளில் வெளியீடு. அமெரிக்காவில் மட்டும் முதல் அச்சு 38 லட்சம் பிரதிகள். நள்ளிரவில் கடைகள் திறந்தன. ரௌலிங், கதையில் வரும் ரயிலைப் போல அலங்கரித்த நீராவி ரயிலில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகக் கையெழுத்திட்டுச் சென்றார். அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்குத் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. பொதுப் பட்டியலின் மேல் இடங்களை ஹாரி பாட்டர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். ஏழாம் புத்தகம் 2007 ஜூலை 21 அன்று வந்தது. அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று. 1997இல் இந்த ஆரவாரம் எதுவும் இல்லை. முதல் இரண்டு புத்தகங்களையும் ஆசிரியர்களும் நூலகர்களும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். காத்திருக்கும் வாசகர்கள் உருவான பிறகுதான் காத்திருப்பைக் கொண்டாட்டமாக்க முடிந்தது. முதல் நூலுக்கே நள்ளிரவு விழா எடுப்பது காலி நாற்காலிகளுக்கு முன் பேசுவதில் முடியும். அந்தப் பணத்தில் பள்ளி நூலகங்களுக்குப் பிரதி அனுப்பினால் பலன் அதிகம்.

5. திரைக்குப் போகும்போது எதை மறுப்பது

பின்லாந்தின் டோவே யான்சன் படைத்த மூமின் குடும்பம் 1945இல் புத்தகமாகத் தொடங்கியது. 1954 முதல் லண்டன் ஈவினிங் நியூஸ் நாளிதழில் அது சித்திரத் தொடராக வந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 40 நாடுகளின் நாளிதழ்களுக்குப் போனது. புகழோடு கடிதக் குவியலும் பொருள் உரிமக் கோரிக்கைகளும் வந்தன. தினமும் வரைந்து சோர்ந்துபோன டோவே சில ஆண்டுகளில் தொடரைத் தம்பி லார்ஸிடம் ஒப்படைத்தார்.

1969இல் ஜப்பானில் மூமின் தொலைக்காட்சித் தொடரானது. அமைதியான பள்ளத்தாக்கில் வாழும் அந்தக் குடும்பத்தின் கதைக்குள் காரும் துப்பாக்கியும் நுழைந்தன. டோவேக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தொடர் மற்ற நாடுகளில் பரவவில்லை. இருபது ஆண்டு கழித்து, டோவேயும் லார்ஸும் கதை வரைவுகளைப் பார்த்துத் திருத்தும் ஏற்பாட்டோடு ஜப்பானில் புதிய தொடர் உருவானது. 1990இல் வந்த அதுதான் மூமினை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே ஆண்டு பின்லாந்தின் அரபியா நிறுவனம் மூமின் குவளைகளைத் தொடங்கியது. 1993இல் நாந்தாலி ஊரில் மூமின் பூங்கா திறந்தது, 2019இல் ஜப்பானின் ஹன்னோவில் இன்னொன்று. உரிமங்களை இன்றும் குடும்ப நிறுவனமே கவனிக்கிறது. அதே கதை, அதே நாடு, அதே ஊடகம். படைத்தவர் மேசையில் உட்கார்ந்திருந்தாரா இல்லையா என்பதே வேறுபாடு.

ஹாரி பாட்டர் படங்களுக்கு முக்கிய நடிகர்கள் பிரிட்டிஷ்காரர்களாக இருக்க வேண்டும் என்று ரௌலிங் உறுதியாக நின்றார். 2001இல் முதல் படத்துக்குக் கோகா கோலா விளம்பரக் கூட்டாளியானபோதும், கதாபாத்திரங்கள் பானத்தைக் குடிப்பதாகக் காட்டாமல், வாசிப்பை ஊக்குவிக்கும் இயக்கமாக அதை அமைத்தார்கள். இத்தகைய மறுப்புகளைப் பேச்சில் விட்டுவிடக் கூடாது. தாளில் எழுத வேண்டும்.

6. அளவு மீறினால்

ஆர்.எல். ஸ்டைன் எழுதிய கூஸ்பம்ப்ஸ் திகில் கதைகளை ஸ்காலஸ்டிக் 1992இல் தொடங்கியது. ஏறக்குறைய மாதம் ஒரு புத்தகம், அட்டையில் சொட்டும் எழுத்துகள், கிளை வரிசைகள், தொலைக்காட்சித் தொடர், சிப்ஸ் பாக்கெட்டிலும் துரித உணவுக் கடையிலும் விளம்பரம். உச்சத்தில் மாதம் 40 லட்சம் பிரதிகள் விற்றன. பிறகு கடைகளிலிருந்து விற்காத பிரதிகள் மூட்டை மூட்டையாகத் திரும்பின. 1997 பிப்ரவரியில் ஸ்காலஸ்டிக்கின் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 40 சதவீதம் சரிந்தது. பிள்ளைகள் வளர்கிறார்கள்; பத்து வயதில் பைத்தியமாகச் சேகரித்தவர் பன்னிரண்டில் வேறொன்றுக்குப் போய்விடுகிறார். அடுத்த பத்து வயதுக்காரருக்கு இடமும் ஆவலும் மிச்சம் வைக்கிற அளவில் புத்தகங்கள் வர வேண்டும்.

7. வாசகர்களைப் பகைக்காமல் பாதுகாப்பது

2000ஆம் ஆண்டு வாக்கில், படங்களைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஹாரி பாட்டர் பெயரில் இணையதளம் நடத்தியவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பெற்றவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். கதையின் மீதுள்ள பிரியத்தில் தளம் தொடங்கியவர்கள், பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தில் இறங்கினார்கள். நாளிதழ்கள் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றன, நிறுவனம் இறங்கிவந்தது. அதன் பிறகு ரசிகர் தளங்கள் படத் தயாரிப்புக்கும் பதிப்பகத்துக்கும் நெருங்கிய துணையாயின.

பணத்துக்காகப் போலிப் பொம்மை விற்பவரையும், ஆசைக்காகப் படம் வரைந்து போடும் சிறுமியையும் ஒரே கடிதத்தால் மிரட்டக் கூடாது. விற்பனைக்கு அல்லாத ரசிகர் படைப்புக்கு எதுவரை அனுமதி என்று எளிய மொழியில் ஒரு பக்க அறிவிப்பை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

8. கையெழுத்திடும் முன்

இந்தியாவில் எழுதுபவருக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்துக்குக் கால அளவு எழுதப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு உதவாது. ஆகவே ஒப்பந்தத்தில் சரிபார்க்க வேண்டியவை:

• அச்சு, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரை, மேடை, பொம்மை, உடை, விளையாட்டுச் செயலி ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா? கொடுக்காத உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்ற வரி இருக்கிறதா?

• ஒவ்வோர் உரிமைக்கும் காலமும் நாடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? பயன்படுத்தப்படாத உரிமை எத்தனை ஆண்டில் திரும்பி வரும்?

• இனி வரப்போகும் தொழில்நுட்பத்தில் கிடைக்கும் வருமானத்தை எப்படிப் பிரிப்பது?

• ஓவியருக்கு என்ன பங்கு? உருவம் அவர் கையில் பிறந்தது. பொம்மைக்கும் உடைக்கும் அந்த உருவமே முதலீடு. முதல் நூலுக்கு முன்பே எழுத்தாளரும் ஓவியரும் எழுத்துமூலம் உடன்பட்டிருக்க வேண்டும்.

• கதாபாத்திரத்தின் பெயரும் உருவமும் டிரேட்மார்க்காக யார் பெயரில் பதிவாகும்? அச்சுப் பொருட்களுக்கு 16ஆம் வகுப்பு, உடைக்கு 25, விளையாட்டுப் பொருட்களுக்கு 28. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் தனி என்பதால், விற்கும் வாய்ப்பு நெருங்கியவற்றிலிருந்து தொடங்கலாம்.

• எந்தப் பொருட்களுக்குக் கதாபாத்திரத்தைத் தர முடியாது என்ற மறுப்புப் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கிறதா? மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் யாரிடம்?

உரிமைகளைப் பேசி விற்கும் இடங்களும் தமிழ் எழுத்தாளருக்குத் தொலைவில் இல்லை. சிறுவர் நூல்களுக்கான மிகப் பெரிய சந்தை இத்தாலியின் பொலோன்யா நகரில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் கூடுகிறது. 2023 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை நடத்துகிறது. அங்கே புத்தக விற்பனையைவிட மொழிபெயர்ப்பு உரிமைப் பேச்சுதான் முதன்மை, மொழிபெயர்ப்புக்கு நிதியுதவியும் உண்டு. அங்கே போகிறவர் கையில் நான்கு தாள்கள் போதும்: கதையின் ஒரு பக்கச் சுருக்கம், மொழிபெயர்த்த மாதிரி அத்தியாயம், கதாபாத்திரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் காட்டும் உருவத்தாள், எந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல். எதிரே உட்காரும் வெளிநாட்டுப் பதிப்பாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் அந்த நான்காவது தாளைத்தான்.